நாலாம் நம்பர் ஆபரேட்டர்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது சூப்பர்வைசர்களுக்கு வகுப்பெடுப்பது, கம்பெனியின் பணியாளர் பிரிவில் என் வேலைகளில் ஒன்று. மனிதர்கள் எதற்காக உழைக்கிறார்கள், குழு என்றால் என்ன, பாராட்டு என்ன செய்யும், பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனசு எப்படிக் கெடும், எல்லாமே ஒன்றரை நாளில். பதினெட்டு வருஷமாகத் திரையில் அதே முக்கோணம், அதே அம்புக்குறிகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். எனக்கும் தூக்கம் வரும். நின்றுகொண்டிருப்பதால் முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘பாராட்டு’ என்ற பகுதி வந்ததும் நாலு படங்களை மடமடவென்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதிவிட்டால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி காஞ்சன்பாக்கைத் தாண்டி, ஹைதராபாத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளுக்கு நடுவில் நாங்கள் ஒரு கொசு. கருவிகளுக்குள் போகும் வயர்களைக் கட்டுகளாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரு நீள மேஜை, எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு ஆணி அடித்த பலகை. வயரை அளவாக வெட்டி, முனையில் கடுகு போல ஒரு பின்னைப் பொருத்தி, இடுக்கியால் அழுத்தி, நிறம் பார்த்து உரிய துளையில் செருகி, ஆணிகளைச் சுற்றி ஓடவிட்டு மெழுகு நூலால் கட்டவேண்டும். கடைசியில் கட்டின் வாலில் ஒரு சின்ன வெள்ளை உறையை மாட்டுவார்கள். அதில் கட்டியவரின் நம்பர் இருக்கும். பின்னால் எங்கேயாவது கோளாறு வந்தால் யார் கை என்று தெரியவேண்டுமே, அதற்காக. எங்கள் தொழிலில் அந்த உறை கையெழுத்து மாதிரி. அடுத்தவர் நம்பரை மாட்டுவது கள்ளக் கையெழுத்து. கண்டுபிடித்தால் வேலை போகும்.

அந்த மேஜையில் நாலாம் நம்பர் ஒரு தமிழ்ப் பெண்மணி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அப்பா ரயில்வேயில் இருந்தவர், மெட்டுகுடா குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். நான் மாரெட்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினால் அடுத்த சில நிமிஷத்தில் அவர் மெட்டுகுடாவில் ஏறுவார். ஆபீசர்களுக்கு முன் இருக்கை, தொழிலாளர்களுக்குப் பின் இருக்கை என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அவர் எனக்கு நேர் பின்னால், எல்லைக்கோட்டில் உட்கார்ந்து என் பின்மண்டையோடு பேசிக்கொண்டு வருவார்.

“கைக்கு மேடம் இவ்ளோ டென்ஷன்? ராத்திரி தூங்கலையா?”

“பொண்ணுக்குப் பரீட்சை.”

“பரீட்சை அதுக்கா, உங்களுக்கா? நக்கோ மேடம், உடம்பு கெட்டுடும்.”

நான் திருச்சிப் பக்கத்துக்காரி. ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’, ‘நக்கோ’ என்றால் ‘வேண்டாம்’ என்பதே இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் மகள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். கணவர் எந்த மொழியிலும் அதிகம் பேசுவதில்லை. ஆகவே ஒரு நாளில் நான் வாயாரத் தமிழ் பேசியது அந்த பஸ்ஸில்தான். தொழிலாளி, அதிகாரி என்ற வித்தியாசமெல்லாம் உப்பல் தாண்டும்போது எனக்கு மறந்தே போயிருக்கும். அவருக்கு ஒரு நாளும் மறந்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வேலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மருத்துவ அட்டையில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்டு மாற்றிக் கேட்டு அவர் கொடுத்த கடிதம் என் மேஜைக்கு வந்தபோது விசாரித்தேன்.

“அட்டை இருக்கற வரைக்கும்தான் மேடம் மெஷினு. மெஷினு இருக்கற வரைக்கும்தான் அவரு,” என்றார். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். அந்த நிமிஷமே செவ்வாய், வெள்ளிக்குக் காலை ஷிப்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வருஷம்தான் எம்.டி. ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, “நம்ம ஆட்களுக்கு உற்சாகமே இல்லை, ஏதாவது செய்யுங்க” என்றார். ஏதாவது செய்யுங்கள் என்று எம்.டி. சொன்னால் எதுவும் செய்யாமல் ஒரு மாதம் ஓட்டுவது அனுபவஸ்தர்களின் வழக்கம். எனக்கு அப்போது அந்த அனுபவம் போதவில்லை. மாலை வகுப்பில் படித்து வாங்கிய நிர்வாகப் பட்டம் வேறு கையில் இருந்தது. பாராட்டு இல்லாத இடத்தில் உழைப்பு வாடும் என்று குறிப்பெழுதி, ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ பலகை ஒன்று வைக்கலாம் என்றேன். அதுவரை மேஜைக்கு மொத்தம் எத்தனை கட்டு என்றுதான் எண்ணுவார்கள். இனி உறை நம்பரைப் பார்த்து ஆளுக்கு எத்தனை என்று எண்ணவேண்டும், அதிகம் கட்டியவர் போட்டோ வாசலில். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

முதல் மாதமே நாலாம் நம்பர் முதலிடம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் அவ்வளவு கஷ்டத்தை வைத்துக்கொண்டு இப்படி உழைக்கிறாரே என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். நம்ம ஊர்க்காரி என்ற அற்ப சந்தோஷமும் கூடவே இருந்தது, மறைப்பானேன். போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார். இரண்டாவது மாதமும் அவரே. மூன்றாவது மாதமும் அவரே.

சூப்பர்வைசர் முப்பது வயதுத் தெலுங்குப் பையன். மூன்றாவது மாதம் என் அறைக்கு வந்து நின்றான்.

“மேடம், இந்த போர்டு போதும் மேடம். எடுத்துடலாம்,” என்றான் தெலுங்கில்.

“ஏன், மத்தவங்களுக்குப் பொறாமையா?”

“அதில்ல மேடம்…” என்று இழுத்தான். நான் அவனுக்குப் பொறாமையைப் பற்றிக் கால்மணி நேரம் பாடம் எடுத்து, டீ கொடுத்து அனுப்பினேன். சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. எதிரே இருப்பவர் என்ன சொல்ல வருகிறார் என்று காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்பதும் என் பாடத்தில் உண்டு, பதினோராவது படம்.

அதே வாரம் பஸ்ஸில் அவரும் கேட்டார். “மேடம், அந்த போட்டோவ எடுத்துடுங்க மேடம்.”

“ஏங்க? நல்லாத்தானே இருக்கு.”

“நக்கோ மேடம். என் போட்டோ எதுக்கு? வேற யாரோடதாச்சும் போடுங்க.”

நான் சிரித்தேன். நம் பெண்களுக்கு ஒரு பாராட்டை நேராக வாங்கிக்கொள்ளத் தெரியாது, கூச்சம், கண்ணேறு பயம் என்று நானாக முடிவு கட்டினேன். “சும்மா இருங்க. உங்க உழைப்புக்கு இதுகூட இல்லைன்னா எப்படி?” என்றேன். அவர் பின்னால் இருந்ததால் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள், எங்களிடம் கட்டுகளை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஐந்து பேர் மறுநாள் தரச்சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. எம்.டி.க்கு உற்சாகம். “உங்க சிறந்த ஊழியர் இருக்காங்களே, அவங்களை வர்றவங்க முன்னாடி ஒரு கட்டு கட்டிக் காட்டச் சொல்லுங்க,” என்றார். நான் அன்று மாலையே பஸ்ஸில் அவரிடம் சொன்னேன், ஏதோ பரிசு கொடுப்பது மாதிரி.

“நாளைக்கு எனக்கு லீவு வேணும் மேடம். அவருக்கு டயாலிசிஸ்.”

“நாளைக்கு வியாழக்கிழமை.”

“மாத்திட்டாங்க மேடம்.”

“விளையாடாதீங்க. கால்மணி நேர வேலை. கட்டிக் காட்டிட்டு எழுந்து போங்க, நான் ஆட்டோ வெச்சு அனுப்பறேன்.”

மெட்டுகுடாவில் இறங்கும்போது “சரி மேடம்” என்றார். கைப்பிடியைத் தடவிப் பிடித்து, படியைக் காலால் துழாவி இறங்கினார். அதை நான் பார்த்தேன். வயசாகிறது, முட்டி வலி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஐந்து விருந்தாளிகளும் எம்.டி.யும் நானும் அந்த மேஜையைச் சுற்றி நின்றோம். மற்ற ஏழு பெண்களும் தலையைத் தூக்கவே இல்லை. எப்போதும் சளசளவென்று தெலுங்கும் ஹிந்தியும் புரளும் மேஜை அது, அன்றைக்குப் பேச்சே இல்லை. அவர் இடுக்கியை எடுத்தார். பின் கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் விழுந்தது. மூன்றாவதை விரலால் தடவித் தடவி வயர் முனையில் ஏற்றினார். வெள்ளை வயரை எடுத்து மஞ்சளுக்கான துளையில் செருகப் போனார். பக்கத்தில் இருந்த ஐந்தாம் நம்பர் தலை நிமிராமலே, “பக்கத்துது, பக்கத்துது” என்று தெலுங்கில் முணுமுணுத்தார்.

வந்தவர்களில் ஒருவருக்குத் தெலுங்கு தெரியும். அவர் குனிந்து, தட்டில் முடித்து வைத்திருந்த ஒரு கட்டை எடுத்தார். உறையில் நாலு என்று இருந்தது. ஒவ்வொரு முடிச்சும் அச்சில் வார்த்தது போல இருந்தது. கட்டைப் பார்த்தார், நாலாம் நம்பரின் கையைப் பார்த்தார்.

“இதைக் கட்டினது யார்?”

“நான்தான் சார்,” என்றார் நாலாம் நம்பர்.

விசாரணையை என்னிடம்தான் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? முதலில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வருஷமாகவே அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பெரிய பொருள் தெரியும், பின் தெரியாது, மங்கல் நிறங்கள் தெரியாது. ஆகவே மேஜையில் ஒரு ஏற்பாடு. எட்டுப் பேருக்கும் வேண்டிய வயரை அளந்து வெட்டுவது, நூலுக்கு மெழுகு தேய்ப்பது, மேஜையைத் துடைப்பது எல்லாம் அவர். தினமும் முறைவைத்து இரண்டு பேர் மட்டும் தங்கள் கட்டுகளில் சிலவற்றுக்கு அவர் நம்பரை மாட்டி அவர் தட்டில் வைத்துவிடுவார்கள். மொத்தம் சரியாக இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

“அப்புறம் நீங்க போர்டு வெச்சீங்க மேடம். ஆளுக்கு இத்தனைன்னு எண்ணப் போறாங்க, குறைஞ்சா இவங்க மாட்டிக்குவாங்கன்னு எல்லாருக்கும் பயம் வந்துருச்சு. முறையெல்லாம் விட்டுட்டு ஏழு பேரும் தினமும் போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் எவ்வளவு போடறாங்கன்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. அதான் இவங்க ஃபர்ஸ்ட் வந்துட்டாங்க. குறைச்சுப் போடுங்கன்னு நான் சொல்லிப் பார்த்தேன். போன மாசம் முதலா இருந்தவ இந்த மாசம் கடைசியானா சந்தேகம் வரும்னு இன்னும் கூடப் போட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஒரு குழு தன் உறுப்பினரை எப்படிக் காப்பாற்றுகிறது என்று வருஷக்கணக்கில் படம் போட்டுக் காட்டியவள் நான். அது நடந்த இடம் என் அறையிலிருந்து நாற்பது அடி தூரம்.

அடுத்து அவரைக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லலை? தினமும் பஸ்ல வர்றோமே.”

“உங்ககிட்ட சொன்னா நீங்க எழுதணுமே மேடம்,” என்றார். “தெரிஞ்சும் எழுதலைன்னா உங்க வேலைக்குக் கஷ்டம். அதான் போட்டோவ மட்டும் எடுக்கச் சொன்னேன்.”

கடந்த நாலு மாதத்தில் நாலாம் நம்பர் போட்ட கட்டுகள் அத்தனையையும் திரும்ப வரவழைத்துச் சோதித்தார்கள். ஒன்றில்கூடக் கோளாறு இல்லை. இருக்காது, மேஜையின் நல்ல கைகள் பார்த்துப் பார்த்துக் கட்டியவை. ஆனால் அதைச் சொன்னால் ஏழு பேரும் கள்ள நம்பர் போட்டவர்கள். ஏழு பேருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் இவருக்கு மட்டும் போகும். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் எனக்கு வாசகம் சொல்லிக் கொடுத்தார்.

“எழுதிக்கங்க மேடம். எல்லாம் நான்தான் கட்டினேன். இந்த மாசம்தான் கண்ணு ரொம்ப மோசமாச்சு. இனிமே முடியல, நானா விலகிக்கறேன். அவ்வளவுதான்.”

“அட்டை?”

“ஹவ் மேடம், ஆமா, அட்டை போகும். எட்டு அட்டை போறதுக்கு ஒண்ணு போகட்டும். அந்த ஏழு வீட்லயும் சீக்காளி இருக்காங்க.”

எழுதினேன். அது பொய் என்று தெரிந்தே ஒவ்வொரு வரியையும் எழுதினேன். பிறகு எம்.டி.யிடம் போய், ஸ்டோரிலோ, வயர் வெட்டும் இடத்திலோ, கண்ணுக்கு வேலையில்லாத எங்காவது போடலாம் என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்கள், மறுபடி வாசலுக்குள் பார்த்தால் ஆர்டர் போகும் என்றார். ஒருமுறை கேட்டேன், இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை, “அப்ப அந்த போர்டு யோசனை யாரோடது?” என்று மெதுவாகக் கேட்டார். அந்த வருஷம் மகள் கல்லூரியில் சேரவேண்டும். நான் எழுந்து வந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்பதுதான் நேரான வார்த்தை. இதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

பலகையைக் கழற்றச் சொன்னேன். ஆனால் ஆளுக்கு எத்தனை என்று எண்ணுவது நிற்கவில்லை. கணக்குப் பார்க்கும் ருசி மேலிடத்துக்குப் பிடித்துவிட்டது. இப்போது அந்த மேஜையில் ஏழு பேரும் தங்கள் வயரைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் தட்டு அன்றைக்குக் குறைந்தே கிடக்கும், யாரும் அந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை. நான் போனால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள், மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. மரியாதை தவிர வேறொன்றும் கிடையாது.

நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். மெட்டுகுடா பத்து நிமிஷம்கூட இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளுவேன். அதற்குள் ஒரு சிநேகிதி மூலமாக, மாரெட்பள்ளிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். சின்னப் பிள்ளைகளை வகுப்புக்கும் வாசலுக்கும் அழைத்துப்போகிற வேலை, பின்னும் வேண்டாம் நிறமும் வேண்டாம். சம்பளம் குறைவு, ஆனால் மருத்துவ அட்டை உண்டு. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில் போன் செய்தேன். அவர் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

என் குரலை உடனே கண்டுபிடித்தார். மகள் எப்படி இருக்கிறாள், எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். நான் வேலையைப் பற்றிச் சொன்னேன். எங்கே, எத்தனை மணி, யாரைப் பார்க்கவேண்டும் என்று எல்லாம் சொல்லி, கடைசியில், முக்கியமான விஷயம் என்று, அட்டை உண்டு என்றேன். “குடும்பத்துக்கும் சேர்த்து. நான் கேட்டுட்டேன்.”

போனில், அவருக்குப் பின்னால் ஒரு ரயில் போவது கேட்டது.

“வேலைக்கு வரேன் மேடம். ரொம்ப உபகாரம்,” என்றார். “அட்டை மட்டும் நக்கோ மேடம். அவரு போயி ரெண்டு மாசமாச்சு.”